உப்பிய கைச் சட்டையும் அண்ணன் சொல்லியனுப்பிய சேதியும்

1

இதைக் கடுதாசியாக எழுதி அண்ணன் பேருக்கே போட்டிருக்கலாம். அண்ணனுக்கு வாசிக்கத் தெரியாது. பக்கத்து வீட்டுக்காரர் யாராவது முணுமுணுவென்று படித்துக் காட்டுவார், அண்ணன் கேட்டுவிட்டு மடித்து எரவாணத்தில் சொருகிவிடுவார், பேச்சு அதோடு முடிந்துவிடும். இந்தப் பத்திரிகை அப்படியில்லை. நம்ம ஊர்ச் சாவடியில் இதை மாதாமாதம் உரக்க வாசிக்கிறார்கள் என்று இங்கே வந்திறங்குகிறவர்கள் சொல்கிறார்கள். அதனால்தான் இதில் எழுதுகிறேன். சாவடியில் இருக்கிற எல்லாரும் கேளுங்கள். அண்ணா, நீங்களும் வேலை இருக்கிறது என்று எழுந்து போகாமல் உட்கார்ந்து கேளுங்கள்.

நான் செல்லாயி. கல்யாணமான கையோடு கப்பலேறிக் கண்டிச் சீமைக்குப் போனாளே, அந்தச் செல்லாயி. மாத்தளையிலிருந்து இரத்தோட்டைக்கு வந்து, அங்கிருந்து மலையேறினால் எங்கள் தோட்டம். கொழுந்து பறிக்கிறேன். வந்த நாளிலிருந்து அதைத்தான் செய்கிறேன். எழுத்து எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. இரத்தோட்டைக் கடைகளில் சீனி சுற்றிக் கொடுக்கிற காகிதத்தைப் பிரித்துவைத்து நானாகவே கூட்டிக் கூட்டிப் படித்தது. பிழையிருந்தால் அச்சுக் கோக்கிறவர் திருத்தட்டும். சேதியை மட்டும் யாரும் திருத்த வேண்டாம்.

போன ஞாயிற்றுக்கிழமை, ஊருக்குப் போய்விட்டுத் திரும்பிய பழனியாண்டி எங்கள் லயத்து வாசலில், அதாவது கூலிக்காரர் வரிசை வீட்டு வாசலில், வந்து நின்றான். கையில் எள்ளுருண்டைப் பொட்டலம். முகத்தைப் பார்த்தால் எள்ளுருண்டை கொண்டுவந்த முகமாக இல்லை.

“அக்கா, ஒங்க அண்ணன் ஒரு சேதி சொல்லிவிட்டாரு. என்னையக் கோவிச்சுக்கக் கூடாது.”

“சேதி அவரோடது, ஒன்ன எதுக்குக் கோவிக்கிறேன்? சொல்லு.”

“ஒங்க மக கல்யாணத்துக்கு வர்றாராம். தாய்மாமன் சீரோடதான் வர்றாராம். ஆனா நீங்க அந்த உப்புன கைச் சட்டையப் போட்டுக்கிட்டுப் பந்தல்ல நிக்கக் கூடாதாம். நம்மூருப் பொம்பளையா நின்னா வருவேன், இல்லாட்டிக் கப்பலேற மாட்டேன்னுட்டாரு.”

எள்ளுருண்டையை வாங்கி உள்ளே வைத்துவிட்டு வந்தேன். எனக்குப் பயமில்லை, கோபம்.

மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் பக்கத்துத் தோட்டம். நல்ல ஜனங்கள், ஆனால் முறை என்று வந்துவிட்டால் ஒரு வெற்றிலை குறையக்கூடாது. தாய்மாமன் சீர் வாங்காமல் பெண் மணையில் உட்காரக் கூடாது என்று முதல் பேச்சிலேயே சொல்லிவிட்டார்கள். எனக்கு இருப்பது ஒரே அண்ணன், ஒரே மகள். ஆகவே கேள்வி சின்னது. சட்டையைக் கழற்றினால் கல்யாணம் நடக்கும். கழற்றாவிட்டால் நடக்குமோ நடக்காதோ தெரியாது.

இந்தச் சட்டையைக் கழற்றச் சொல்வது அண்ணன் முதல் ஆள் இல்லை. அவருக்கு முன்னால் ஒரு பெரிய மனிதர் சொல்லிப் பார்த்தார். அந்தக் கதையை அண்ணன் கேட்டதே இல்லை. இன்றைக்குக் கேட்கட்டும்.

2

எங்களை நீங்கள் வேலைக்கோலத்தில் பார்த்ததில்லை. விடியுமுன்னே தப்படித்து எழுப்புவார்கள். பனி கால்விரலைக் கடிக்கும். அட்டை ஏறாமலிருக்கக் காலில் சவுக்காரத்தைத் தேய்த்துக்கொண்டு, பிரட்டுக் களத்துக்கு ஓட வேண்டும். பிரட்டு என்றால் காலையில் எல்லாரையும் நிறுத்திப் பேர் கூப்பிட்டு, இன்றைக்கு எந்த மலை என்று சொல்லி அனுப்புவது.

தலையிலிருந்து முதுகுவரை கறுப்புக் கம்பளி. அந்தக் கம்பளிமேல் கயிறு, கயிற்றில் முதுகுப்பக்கம் கூடை. சேலையைத் தூக்கிச் செருகி, அதன்மேல் இடுப்பிலிருந்து கீழே ரெட்டு. ரெட்டு என்பது சாக்குப்போல முரட்டுத் துணி. அது இல்லாவிட்டால் தேயிலைக் குச்சி ஒரே நாளில் சேலையைக் கந்தலாக்கிவிடும். கம்பளியும் ரெட்டும் எல்லாருக்கும் தோட்டத்துச் சரக்குதான். எல்லாம் ஒரே நிறம், ஒரே நாற்றம்.

முதல் மழைக்காலத்தில் நான் அழுதிருக்கிறேன். வேலை கஷ்டம் என்று இல்லை. நம்ம ஊர் வயலிலும் வேலை கஷ்டம்தான். இங்கே வரிசையில் நிற்கும்போது எது நான், எது அடுத்தவள் என்று எனக்கே தெரியவில்லை. மலையில் கறுப்பு மூட்டைகள் நகர்கிற மாதிரி இருந்தது.

அப்புறம்தான் பார்க்கப் பழகினேன். எங்கள் வரிசையில் மருதாயி என்று ஒருத்தி. வாயைத் திறந்தால் மலையே வேலையை நிறுத்திக் கேட்கும். “கூடைய முதுகுல கட்டிட்டான், வாயில கட்டக் கயிறு பத்தலயாம்” என்பாள். அவள் தன் ரெட்டின் இடுப்புப் பட்டியில் பித்தளைப் பொத்தான்களை வரிசையாகத் தைத்திருந்தாள். ஒன்று எங்களை வேலை வாங்குகிற பெரிய கங்காணியின் கோட்டிலிருந்து உதிர்ந்தது. அதை நடுவில் வைத்திருந்தாள். இன்னொருத்தி தலைத்துணியை நெற்றிக்கு முன்னால் காக்கை மூக்குப்போல நீட்டி மடிப்பாள். அந்த மடிப்பு மழையில்கூடக் கலையாது. நான் என் ரெட்டின் அடியில் சிவப்புத் துணி வாங்கி ஒரு சாண் அகலத்துக்குக் கரை வைத்தேன். முழங்காலுக்குக் கீழே சிவப்பு ஆடும்போது நான் நடப்பது எனக்கே தெரியும்.

இதில் கங்காணிக்கும் லாபம் இருந்தது. பெரிய கங்காணி எங்களோடு புதரில் இறங்க மாட்டார். எதிர்மலையில் குடையைப் பிடித்துக்கொண்டு, துரை கழித்துப் போட்ட கோட்டோடு நிற்பார். அங்கிருந்து முகம் தெரியாது. உடுப்பை வைத்துத்தான் ஆளைக் கூப்பிடுவார்.

“ஏய் செவப்புக்கர! முத்தல் எலையப் போடாத!”

“ஏய் காக்காமூக்கு! நிர தப்புது பாரு!”

அவருக்கு எங்கள் உடுப்புத்தான் எங்கள் பேர். இதை நினைவில் வையுங்கள்.

3

சட்டைக்கு வருகிறேன். தேயிலைக் குச்சி கையைக் கீறும். முழங்கை வரைக்கும் எல்லாருக்கும் கோடு கோடாக இருக்கும். நீளக் கை வைத்த சட்டை இருந்தால் நல்லது என்று நினைத்தேன். பங்களாவில் ஆயா வேலை பார்க்கிறவள் எனக்குச் சிநேகிதி. துரைசாணி அவளுக்குக் கொடுத்த பழைய சட்டையை ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவல் கொடுத்தாள். அதை மடித்து மடியில் வைத்துக்கொண்டு இரத்தோட்டைக்கு இறங்கினேன். கடைத்தெருவில் மீரான் நானா மிஷின் போட்டுத் தைத்துக்கொண்டிருந்தார். முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே நானா என்றுதான் கூப்பிடுவோம். அவர் சட்டையை இரண்டு கையாலும் விரித்துப் பார்த்தார்.

“தங்கச்சி, இது தொரசாணிமாரு உடுக்கிற சட்டெ. ஒங்கட மலைக்கி இது என்னத்துக்கு?”

“கை நீளமா வேணும் நானா. குச்சி கீறுது.”

“அது செரி. தோள்ல இப்புடிக் காத்தடைச்சு உப்ப வைக்கிறது என்னத்துக்கு? துணி கூடப் போகுமே.”

“அது எனக்கு.”

நானா ஊசியைப் பல்லில் கடித்துக்கொண்டு சிரித்தார். பூப்போட்ட சீத்தைத் துணியில், தோளில் உப்பிய கையும் மணிக்கட்டில் சுருக்கமும் வைத்துத் தைத்துக் கொடுத்தார்.

உண்மையைச் சொல்கிறேன், தோளை அழகுக்குத்தான் உப்ப வைக்கச் சொன்னேன். மலையில் போட்டுப் பார்த்த பிறகுதான் வேறொன்று தெரிந்தது. கொழுந்தைக் கைநிறையப் பறித்துத் தோளுக்குமேல் வீசிக் கூடைக்குள் எறிய வேண்டும். இறுக்கமான சட்டை அக்குளில் பிடிக்கும், தையல் விடும். உப்பிய கை விட்டுக்கொடுத்தது. அன்றைக்கு என் கை காற்றுப்போல ஓடியது.

மறுநாள் பிரட்டில் பெரிய கங்காணி என் முன்னால் வந்து நின்றார்.

“என்னாடி இது?”

“சட்டங்க.”

“சட்டன்னு எனக்குத் தெரியாதா? எங்க வீட்டம்மா மாத்தள மாரியம்மன் தேருக்குப் போடுற சட்டைய நீ கொழுந்துக்குப் போட்டுக்கிட்டு வர்றியா? அவளும் நீயும் ஒண்ணா?”

மருதாயி பின்னாலிருந்து சொன்னாள்: “அம்மா தேரப் பாக்கப் போறாங்க, இவ கொழுந்தப் பாக்கப் போறா. ஒண்ணா எங்கயும் போகலீங்களே.”

“நீ வாய மூடு. ஒன் இடுப்புல தொங்குறது யாரு கோட்டுப் பொத்தான்?”

வரிசையில் சிரிப்பு ஓடியது. அதுதான் பிழை. பெரிய மனிதருக்குக் கோபம் வந்தால் ஆறும், சிரிப்பு விழுந்தால் ஆறாது. தடியால் தரையைத் தட்டினார்.

“நாளையிலேருந்து என் கணக்குல இருக்கிற ஒரு பொம்பளையும் கர வைக்கக் கூடாது, பொத்தான் வைக்கக் கூடாது, மூக்கு மடிக்கக் கூடாது. வெறுங் கம்பளி, வெறும் ரெட்டு. எல்லாரும் ஒரே மாதிரி நிக்கணும். மீறினா அரப்பேரு. அதுக்கும் அடங்காதவ புருசனுக்குத் துண்டு.”

அரைப்பேர் என்றால் முழுநாள் உழைப்புக்குப் பாதிக் கூலி. துண்டு என்றால் சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு தோட்டத்தை விட்டு இறங்க வேண்டியது. அடுத்த தோட்டத்திலும் சேர்க்க மாட்டார்கள்.

பிறகு என்னைப் பார்த்து ஒரே ஒரு சொல் சொன்னார்.

“கழட்டு.”

கம்பளியைப் போர்த்திக்கொண்டு, அத்தனை பேர் முன்னால், கம்பளிக்குள்ளேயே கழற்றினேன். கழற்றி மடித்துக் கூடைக்குள் போட்டேன். அன்று முழுக்க அதன்மேல்தான் கொழுந்து விழுந்தது.

சாயங்காலம் வீட்டுக்காரர் அடுப்படியில் உட்கார்ந்திருந்தார். அவர் கவ்வாத்து வெட்டுகிறவர். செடியை வெட்டுகிற கை, மனிதரிடம் பேசும்போது மட்டும் குழைந்துவிடும்.

“ஏ புள்ள, ஒரு சட்டைக்காக நம்ம தெருவுல நிக்கணுமா?”

“நாளைக்கு சேலையக் கழட்டுன்னா?”

“அப்புடிச் சொல்லமாட்டாரு.”

“சொன்னா?”

அவர் அடுப்புக்குள் விறகைத் தள்ளினார். நான் சட்டையைப் பெட்டிக்கு அடியில் வைத்தேன். அவரோடு மூன்று வேளை பேசவில்லை.

4

இப்போது அண்ணன் வீட்டுக்கு வருவோம். ரெண்டு வருசத்துக்கு முன்னால் அண்ணன் மகள் கல்யாணம். நானும் மகளும் வந்திருந்தோமே, நினைவிருக்கும். மீரான் நானா அதே அளவில் புதிதாகத் தைத்துக் கொடுத்த சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தேன்.

வருகிற வழியிலேயே ஆரம்பித்துவிட்டது. நம்ம ஊரில் இறங்கி வண்டியைவிட்டுக் கீழே காலை வைத்ததும் முகம் துடைக்க, “லேஞ்சியக் குடு” என்று மகளிடம் கேட்டேன். கைக்குட்டைக்கு இங்கே அதுதான் பேச்சு. மதினிக்குச் சிரிப்பு அடங்கவில்லை. மகள் அண்ணனிடம், “ஹரி மாமா” என்றாள். சிங்களத்தில் சரி என்று அர்த்தம். “அதென்ன, மாமனக் கூப்புடுறதுக்குள்ள பெருமாளக் கூப்புடுறா?” என்று மதினி மறுபடி சிரித்தாள். சிரித்துவிட்டுப் போகட்டும். நாக்கு எங்கே சோறு தின்கிறதோ அங்கத்துப் பேச்சைப் பிடித்துக்கொள்கிறது, என்ன செய்ய?

அத்தை நான்தானே, சீர்த்தட்டை முன்னால் எடுத்து நடக்க வேண்டியவள். பெண்கள் தட்டுகளோடு நிற்கிறார்கள். அண்ணன் வந்தார். என் தோளைப் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

“செல்லாயி, தட்டெடுக்கணும்னா அதக் கழட்டிட்டு வா.”

“எதுக்கு?”

“நம்ம சனத்துல எந்தப் பொம்பள சட்ட போட்டிருக்கா, பாரு. மேலத்தெரு வழியா ஊர்வலம் போவணும். அவங்க பாத்துக்கிட்டு சும்மா இருப்பாங்களா? நீ நாளைக்குக் கப்பலேறிருவ. நாங்க இங்கயே கெடக்கணும்.”

அண்ணன் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. அந்தப் பயத்தை நானும் தின்று வளர்ந்தவள்தான். மேலத்தெருக்காரர்கள் களத்தில் நெல் கொடுக்காமல் நிறுத்துவார்கள், கிணற்றை மறிப்பார்கள். எல்லாம் தெரியும். அதை மட்டும் சொல்லியிருந்தால் தட்டை மதினி கையில் கொடுத்துவிட்டுச் சும்மா இருந்திருப்பேன். அண்ணன் அதோடு நிறுத்தவில்லை. சுற்றி நின்றவர்கள் கேட்கிற மாதிரிக் குரலை உயர்த்தினார்:

“அங்க கூட சொமக்குற கூலி. இங்க வந்து தொரசாணி வேசமா?”

நின்றவர்கள் சிரித்தார்கள். இப்போது சாவடியில் உட்கார்ந்து கேட்கிறீர்களே, உங்களில் சிலரும் சிரித்தீர்கள். யார் யார் என்று எனக்குத் தெரியும். எழுதவில்லை, பிழைத்துப் போங்கள்.

நான் கழற்றவில்லை. தட்டும் எடுக்கவில்லை. நான் கொண்டுவந்த சீரை வேறொருத்தி சுமந்து போனாள். பந்தலின் கடைசி வரிசையில் உட்கார்ந்து என் அண்ணன் மகள் கழுத்தில் தாலி ஏறுவதைத் தலைகளுக்கு இடையில் பார்த்தேன்.

திரும்பி வருகையில் கப்பலேறுமுன் ஆட்களைச் சோதிக்க நிறுத்திவைக்கிற கேம்ப்பில் எல்லாருடைய துணியையும் மருந்துபோட்டு ஆவியில் வேகவைத்தார்கள். அங்கே இருந்த சேவகன் என் சட்டையைக் கம்பால் தூக்கிப் பிடித்து, “இது யாரு வீட்டுல எடுத்தது?” என்றான். “என் தோள்ல போட்டுப் பாரு, அளவு சரியா இருக்கும்” என்றேன். இரண்டு கேள்வி அதிகமாகக் கேட்டு, கடைசி ஆளாக என்னை விட்டான். ஆவியில் வெந்த சட்டை உப்பலெல்லாம் வடிந்து, நனைந்த கோழிபோலத் தொங்கியது. லயத்துக்கு வந்து கஞ்சி போட்டு, தோளுக்குள் துணிப்பந்து வைத்துக் காயவிட்டேன். மறுபடி எழுந்து நின்றது.

5

இனி, அந்தக் கல்யாணத்துக்குப் பல வருசம் முன்னால் நடந்த கங்காணி கதையின் மிச்சம்.

ஒரே மாதிரி நிற்கச் சொன்னாரல்லவா, நின்றோம். கரையைப் பிரித்தோம். மருதாயி பொத்தான்களை அறுத்து வெற்றிலைப் பையில் போட்டுக்கொண்டாள். வெறுங் கம்பளி, வெறும் ரெட்டு. அது மழைக்காலம், மலைமேல் மூடுபனி.

இரண்டாம் நாளே எதிர்மலையில் கங்காணி தவித்தார். கூப்பிட வாயைத் திறப்பார், கூப்பிடப் பேர் இல்லை.

“ஏய்! அந்த… கம்பளி!”

எல்லாரும் நிமிர்ந்து பார்ப்போம்.

“நீ இல்ல! அங்க, மேல!”

மேலே இருக்கிற எல்லாரும் நிமிர்ந்து பார்ப்பார்கள். மருதாயி கம்பளிக்குள்ளிருந்து ஆந்தைபோலக் கத்துவாள். யார் கத்தியது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? நிரை தப்பியவள் யார், முத்தல் இலை போட்டவள் யார், ஒன்றும் தெரியாமல் குடைக்குள்ளே குதிப்பார். எங்களுக்குச் சிரிப்புத்தான். ஆனால் எனக்கு அந்தச் சிரிப்பு முழுசாக வரவில்லை. என் சிவப்பை நான் காணாமல் நடந்தேன்.

அந்த நாட்களில் ஒரு நாள் கங்காணியம்மா மலைக்கு வந்தாள். கங்காணியின் வீட்டம்மாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். செல்லாயி இன்னமும் சட்டை போடுகிறாள் என்று யாரோ ஊதியிருக்கிறார்கள். பார்க்க வந்தாள். சும்மா வரவில்லை. இந்த உடுப்பு யாருக்குரியது என்று எங்களுக்குக் காட்டுவதற்காக, தேருக்குப் போடுகிற உப்பிய கைச் சட்டையைப் போட்டுக்கொண்டே வந்தாள். ஆனால் மழை பெரிய வீடு சின்ன வீடு பார்க்குமா? கொட்டியது. பிள்ளை பெற்று வீட்டிலிருந்தவளின் கம்பளி ஒன்று கொட்டகையில் கிடந்தது. அதை எடுத்துத் தலையோடு போர்த்திக்கொண்டு நிரைக்குள் நின்றாள்.

எதிர்மலையில் நின்ற கங்காணிக்கு இது தெரியாது. அவர் கண்ணுக்குத் தெரிந்தது, வேலை செய்யாமல் நிற்கிற ஒரு கம்பளி. அந்தக் கம்பளியின் தோள் இரண்டு பக்கமும் உப்பியிருந்தது.

குடையை அங்கேயே போட்டுவிட்டு ஓடி வந்தார். தண்ணீர் ஓடுகிற கானைத் தாண்டினார், சறுக்கினார், எழுந்தார். வாயில் என் பேர்.

“செல்லாயி! உள்ள போட்டுக்கிட்டா என் கண்ணுக்குத் தெரியாதா? கழட்டுடி! இப்ப கழட்டு!”

நான் மூன்று செடி தள்ளி நிற்கிறேன். “ஐயா, நான் இங்க” என்று சொல்ல வாயெடுத்தேன். மருதாயி என் காலை மிதித்தாள். அதற்குள் அவர் பின்னாலிருந்து கம்பளியைப் பிடித்து இழுத்து, தோளில் கையைப் போட்டுவிட்டார். ‘சர்’ என்று கிழிந்தது. தோள் முதல் முழங்கை வரை.

அவள் திரும்பினாள்.

மழைச் சத்தம் மட்டும். கிழிந்த கையைப் பிடித்துக்கொண்டு, கங்காணியம்மா புருசனைப் பார்த்தாள். எங்களைப் பார்த்தாள். எங்கள் ஒவ்வொருத்தியையும் பார்த்தாள்.

“ஒங்களுக்கு… ஒங்களுக்கு பொண்டாட்டியவே தெரியலயா?”

“கம்பளியப் போத்தியிருந்த… எல்லாம் ஒரே மாதிரி…”

அவர் சொன்ன வார்த்தை அவருக்கே கேட்டிருக்க வேண்டும். பாதியில் நிறுத்திக்கொண்டார்.

அவளுக்காக நான் இரக்கப்பட்டேன் என்று எழுதினால் அழகாக இருக்கும். இரக்கப்படவில்லை. பிரட்டுக் களத்தில் கம்பளிக்குள் நான் கழற்றியபோது அவள் களத்தை ஒட்டிய தன் வீட்டுச் சன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கை கிழிந்தது எனக்குப் பிடித்திருந்தது. இன்றைக்கும் பிடித்திருக்கிறது.

அன்றிரவே சிவப்புக் கரையைத் திரும்ப ரெட்டில் வைத்துத் தைத்துவிட்டு, மறுநாள் காலையில் பெட்டியைத் திறந்தேன். வீட்டுக்காரர் பார்த்தார். சட்டையை உதறி எடுத்து அவரே என் கையில் கொடுத்தார். அன்றைக்குத்தான் அவரை மன்னித்தேன். பிரட்டில் மருதாயியின் இடுப்பில் பொத்தான்கள், நடுவில் கங்காணியின் பொத்தான். இன்னொருத்தியின் நெற்றியில் காக்கை மூக்கு. கங்காணி வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்தார். என் முன்னால் நின்றார். என் தோளைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தார்.

“செவப்புக்கர, மேல்மலை” என்றார். நடந்துவிட்டார்.

உத்தரவை அவர் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. நாங்களும் கேட்கவில்லை. அவர் சாகும்வரை என்னோடு நல்ல வார்த்தை பேசவில்லை, நானும் அவரோடு பேசவில்லை. ஆனால் சட்டை என் தோளில் இருந்தது.

6

என் மகளுக்கு வருகிறேன். கல்யாணப் பெண். அவளும் இப்போது கொழுந்துக்குப் போகிறாள். பல்லேபொலப் பக்கத்துச் சிங்களப் பெண்களைச் சந்தையில் பார்த்துவிட்டு, முழங்கைக்கு மேலே நிற்கிற குட்டைக் கைச் சட்டையைத் தானே வெட்டித் தைத்துக்கொண்டாள். கை முழுக்கக் குச்சிக் கீறல்.

“கைய கிழிக்குதுடி. நீளமா வச்சுத் தையேன்.”

“கிழிச்சா ஆறிரும். ஒன் பலூன் கை எனக்கு வேணாம்மா. இப்ப யாரு அதப் போடுறா? பாத்தாலே சிரிப்பு வருது.”

என்னோடு பேசுவதைவிடச் சிங்களச் சிநேகிதிகளோடு பேசுவது அவளுக்கு லேசாக வருகிறது. நம்ம ஊரைப் பற்றிச் சொன்னால் கொட்டாவி விடுகிறாள். இவளுக்கு நம்ம பக்கத்துத் துறையூர் எந்தத் திசை என்றுகூடத் தெரியாது. நான் எதற்காகச் சண்டை போட்டேனோ, அது இவளுக்குச் சிரிப்பு. எனக்கு வயிறு எரியத்தான் செய்கிறது. சாயங்காலம் தேங்காயெண்ணெயை எடுத்துக் கீறல்களில் தடவுகிறேன். கொஞ்சம் அழுத்தித்தான் தடவுகிறேன்.

பழனியாண்டி சேதி சொல்லிவிட்டுப் போனபிறகு, அவளிடம் சொன்னேன். மாமன் வராவிட்டால் மாப்பிள்ளை வீட்டார் என்ன சொல்வார்கள் என்பதையும் சொன்னேன். “ஒரு நாளைக்குத்தானே. ஒனக்காகக் கழட்டிருறேன்” என்றேன். அதைச் சொல்லும்போது என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. பிரட்டுக் களத்தில் கம்பளிக்குள் கைவிட்டது நினைவுக்கு வந்தது.

மகள் கூடைக் கயிற்றுக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தாள். நிமிரவே இல்லை.

“அந்தக் கை அசிங்கமாத்தாம்மா இருக்கு. ஆனா மாமா சொல்லி நீ கழட்டுனா, நான் மணையில ஒக்கார மாட்டேன். மாப்பிள வீட்டுக்கு நானே போயிச் சொல்லிக்கிறேன்.”

சொன்னபடி மறுநாள் போய்ச் சொல்லிவிட்டே வந்துவிட்டாள், அந்தக் குட்டைக் கையோடு. அவர்கள் என்ன சொன்னார்கள் என்று கேட்டேன். “யோசிக்கிறாங்க” என்றாள். “என் கையப் பாத்துக்கிட்டே யோசிச்சாங்க.” இன்றைக்கு வரைக்கும் பதில் வரவில்லை. வந்தாலும் வராவிட்டாலும் இந்த எழுத்து கப்பலேறிவிடும்.

அண்ணா, கேட்டீர்களா? கல்யாணம் தையில். பந்தல் லயத்து முன்னால். மேலத்தெரு இங்கே கிடையாது, ஊர்வலம் போக எங்களுக்கு ஒரே ஒரு பாதை, அது மலைப்பாதை. வரும்போது நீங்கள் என்ன உடுத்தி வருவீர்களோ வாருங்கள். கோவணத்தோடு வந்தாலும் வாசலில் யாரும் கழற்று என்று சொல்ல மாட்டார்கள், போடு என்றும் சொல்ல மாட்டார்கள். இலையில் முதல் சோறு உங்களுக்குத்தான்.

ஆனால் தாய்மாமன் சீர்த்தட்டைப் பெண்ணைப் பெற்றவள் கையில்தான் கொடுக்க வேண்டும். அந்த முறையை உங்கள் ஊர்தான் எனக்குச் சொல்லிக் கொடுத்தது. நான் பந்தலின் முன் வரிசையில் நிற்பேன். மீரான் நானா புதுச்சட்டைக்கு அளவெடுத்துவிட்டார். இந்தத் தடவை தோளுக்கு இன்னும் கொஞ்சம் துணி கூட வைக்கச் சொல்லியிருக்கிறேன்.